புதுப் பேச்சாளர் கையில் யார் மைக்கைக் கொடுப்பார்கள்?

கொடுங்கையூரில் வீடு, மணலியில் ஒரு தொழிற்சாலையின் விபத்துத் தடுப்புப் பாதுகாப்புப் பிரிவில் வேலை, கல்லூரியில் வாங்கிய பேச்சுப்போட்டிக் கோப்பைகள் பரணில் கிடக்கின்றன, மேடையில் பேச ஆசை, ஆனால் யாரும் கூப்பிடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். "மேடையெல்லாம் மயிலாப்பூர், தி.நகர் பக்கம்தான். வடசென்னைக்காரனுக்கு வாய்ப்பு எங்கே? யாரைப் போய்ப் பார்ப்பது? 15,000 ரூபாய் கட்டினால் மேடை வாங்கித் தருகிறோம் என்கிற பயிற்சி மையத்தில் சேரலாமா? ஆரம்பத்தில் பணம் கேட்கலாமா?" இவைதான் உங்கள் கேள்விகள். பார்வைக்கு முகவரி கேட்பதுபோல இருக்கிறது. ஆனால் அடியில் இருக்கும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: என்னை முன்பின் தெரியாத ஒருவர் எதை நம்பி என் கையில் மைக்கைக் கொடுப்பார்? இதற்குப் பதில் பிடிபட்டால் முகவரிகளை நீங்களே தேடிக்கொள்வீர்கள். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பெரம்பூர் பக்கம் ஒரு சின்ன இலக்கிய மன்றத்தை நண்பர்களோடு சேர்ந்து பல வருடமாக நடத்தி வருகிறேன். அதாவது பேச்சாளர்களைக் கூப்பிடுகிறவன். கூப்பிட்ட இடத்துக்குப் போய்ப் பேசுகிறவனும்தான். கோயில், நூலகம், பள்ளி, கல்லூரி, தெருக்கூட்டம் எல்லாம் நேரில் தெரியும். கம்பெனி மேடைகளைப் பற்றி நான் சொல்லப்போவது அங்கே பேசுகிற நண்பர்கள் சொன்னது. கட்சி மேடை ஏறியதில்லை, அந்த வழியைப் பற்றி நான் எது சொன்னாலும் கேள்விஞானமாகத்தான் இருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

கூட்டம் ஏற்பாடு செய்கிறவன் மண்டைக்குள் என்ன ஓடும் என்று முதலில் பாருங்கள். தேதி குறித்தாயிற்று, ஹாலுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, நோட்டீஸ் அச்சுக்குப் போக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு புதுப்பெயர் வந்தால், அவர் எவ்வளவு அழகாகப் பேசுவார் என்பது நாலாவது ஐந்தாவது கவலை. முதல் கவலை, ஆள் வந்து சேருவாரா. அடுத்தது, கொடுத்த நேரத்தில் முடிப்பாரா, இல்லை மைக்கைப் பிடித்தால் விடாத ரகமா. அப்புறம், சாதி, மதம், கட்சி என்று எதையாவது இழுத்துவிட்டுப் போய், மறுநாள் தெருவில் நான் நாலு பேருக்குப் பதில் சொல்ல வேண்டி வருமா. இதையெல்லாம் தாண்டித்தான் தமிழ், குரல், நகைச்சுவை. உங்கள் கோப்பைகள் இந்தக் கவலைகளில் ஒன்றைக்கூடத் தீர்ப்பதில்லை. போட்டியில் மணியடித்தால் நிறுத்திவிடுகிறோம்; வெளியில் மணியடிக்க ஆள் கிடையாது. சுமாராகப் பேசினாலும் தெரிந்தவரையே திரும்பத் திரும்பக் கூப்பிடுவதற்கு இதுதான் காரணம். அதில் வேண்டியவர், வேண்டாதவர் கணக்கே இல்லை என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் பாதிக்கு மேல் பயம்தான். அந்தப் பயத்தைக் குறைக்கிறவருக்கு மேடை கிடைக்கிறது. நான் பார்த்த வரையில் இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஓர் உதாரணம். ஆடி மாதம், வியாசர்பாடியில் ஒரு குறுக்குத்தெரு, அம்மன் கோயில் விழா. காலையில் கூழ் ஊற்றியாகிவிட்டது. சாயங்காலம் ஏழு மணிக்குச் சொற்பொழிவு என்று நோட்டீஸ். மைக் செட்காரர் அதுவரை பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பார், எட்டேகாலுக்குத்தான் "ஹலோ, மைக் டெஸ்டிங்" வரும். வரவேற்புரை. பிறகு முன்னிலை வகிப்பவர்கள், தெருப் பெரியவர்கள், விழாவுக்கு நன்கொடை கொடுத்த கடைக்காரர்கள் எல்லோருக்கும் பொன்னாடை. வாழ்த்துரைக்கு வருகிற ஒவ்வொருவரும் "ரெண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்" என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் எடுப்பார்கள். சிறப்புப் பேச்சாளர் வந்து உட்கார்ந்தாயிற்று. நோட்டீஸில் உங்களுக்கு இருபது நிமிடம் போட்டிருக்கிறது. நீங்கள் எழுந்து மைக் முன்னால் நிற்கும்போது மணி ஒன்பது இருபத்தைந்து. சட்டப்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது. அதற்குள் ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிடுமோ என்று செயலாளர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் "பெரியோர்களே, தாய்மார்களே" சொல்லி முடிப்பதற்குள் பின்பக்கமிருந்து ஒரு துண்டுச்சீட்டு வரும்: "5 நிமிடம்."

இந்த இடத்தில்தான் உங்கள் எதிர்காலம் தீர்மானமாகிறது. முகத்தைச் சுளித்துக்கொண்டு "எனக்கு நேரம் கொடுக்கவில்லை" என்று மைக்கிலேயே குறைப்பட்டு அதிலேயே ரெண்டு நிமிடத்தை வீணாக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இருபது நிமிடப் பேச்சை ஐந்து நிமிடத்தில் ஓட்டமாக ஓட்டி ஒன்றும் புரியாமல் செய்கிறவர்களும் உண்டு. சீட்டைப் பார்த்ததும் லேசாகச் சிரித்து, ஒரே ஒரு சம்பவத்தைச் சொல்லி, ஒரே ஒரு விஷயத்தை அதிலிருந்து எடுத்துக் கொடுத்து, நாலே முக்கால் நிமிடத்தில் அமர்ந்துவிடுகிற ஆளை அந்தச் செயலாளர் மறக்க மாட்டார். அடுத்த வருடம் அவருக்கு அழைப்பு நிச்சயம். பக்கத்துத் தெருக் கமிட்டியிடமும் "அந்தப் பையனைப் போடு, தொந்தரவு இல்லாத ஆளு" என்று சொல்வார். எங்கள் வட்டாரத்தில் இதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது.

ஆகவே ஒரே பேச்சை மூன்று நீளத்தில் தயார் செய்யுங்கள்: ஐந்து நிமிடம், பன்னிரண்டு நிமிடம், இருபத்தைந்து நிமிடம். பெரியதை வெட்டிச் சிறியதாக்காதீர்கள். முதலில் ஐந்து நிமிடப் பேச்சைக் கட்டுங்கள். ஒரு சம்பவம், அதில் ஒரு கருத்து, ஜனங்கள் வீட்டுக்குப் போய்ச் செய்ய ஒரு காரியம், அவ்வளவுதான். அது நிற்கிறதா என்று வீட்டில் செல்போனில் பதிவு செய்து கேளுங்கள். நின்றால் அதன்மேல் இரண்டாவது சம்பவத்தை ஏற்றிப் பன்னிரண்டாக்கலாம், ஒரு குறளோ, ஒரு எதிர்வாதமோ, கூட்டத்தைப் பார்த்து ஒரு கேள்வியோ சேர்த்து இருபத்தைந்தாக்கலாம். கடைசி நான்கு வரி மூன்றிலும் ஒன்றாகவே இருக்கட்டும், அப்போதுதான் எந்த நொடியில் சீட்டு வந்தாலும் அந்த வரிக்குத் தாவிவிடலாம். இதைச் செய்து வைத்திருக்கிற புதுப் பேச்சாளர்கள் மிகவும் குறைவு.

அடுத்து மயிலாப்பூர் விஷயம். சபாக்களும் குளிர்சாதன அரங்குகளும் அந்தப் பக்கம் அதிகம் என்பது உண்மை. ஆனால் புதியவருக்கு அந்த அரங்குகளால் என்ன லாபம்? அங்கே பேர் இருந்தால்தான் டிக்கெட். நம் பக்கம் அரங்கு குறைவு, மேடை அதிகம். கேட்கிற பழக்கமும் பழையது. 1918-ல் பெரம்பூரில் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களை வைத்து மதராஸ் தொழிலாளர் சங்கம் உருவானபோது, வேலை முடிந்த களைப்போடு வந்து உட்கார்ந்து பேச்சைக் கேட்டவர்கள் நம் பாட்டன்மார். திரு.வி.க. அந்தக் கூட்டங்களில் தமிழில் பேசியவர். 1949 செப்டம்பரில் தி.மு.க.வின் முதல் பொதுக்கூட்டம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில்தான், கொட்டும் மழையில் நடந்தது. பூங்காவிலும் தெருவிலும் கூடிக் கேட்கிற ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள், இரும்பு நாற்காலி இழுபடுகிற சத்தம் மேடைக்கே கேட்கும். சபாவில் மரியாதைக்காக உட்கார்ந்திருப்பார்கள். கற்றுக்கொள்ள எது நல்லது என்று சொல்லத் தேவையில்லை.

முதல் வாய்ப்பு பெரும்பாலும் வேறொருவருக்குப் பதிலாகத்தான் கிடைக்கும். இதைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள். வள்ளலார் சிறுவனாக ஏழுகிணறு பக்கம் வளர்ந்தபோது நடந்ததாகச் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். புராணச் சொற்பொழிவு செய்துவந்த அண்ணன் சபாபதிக்கு ஒருநாள் உடம்பு முடியவில்லை. சோமு செட்டியார் வீட்டில் ஏற்றுக்கொண்ட சொற்பொழிவு. ஒன்றிரண்டு பாடலைச் சொல்லிவிட்டு வா என்று தம்பியை அனுப்பினார். போன பிள்ளை சம்பந்தர் வரலாற்றை இரவு வெகுநேரம் வரை விரித்துச் சொல்ல, கூட்டம் அசந்துபோய், இனி இந்தப் பிள்ளையே சொல்லட்டும் என்று கேட்டுக்கொண்டது என்பார்கள். கதையில் எனக்குப் பிடித்த இடம் அந்தச் சொற்பொழிவுக்கு முந்தியது: பிள்ளை அந்த வீட்டில், அந்தப் பேச்சுக்குப் பக்கத்திலேயே வளர்ந்திருந்தான், கூப்பிட்ட நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தான். (வெகுநேரம் பேசியதை மட்டும் பின்பற்றாதீர்கள், அவருக்குப் பத்து மணிச் சட்டம் கிடையாது.)

நாங்கள் கூட்டம் நடத்தும்போது வருகிறேன் என்றவர் வராமல் போவது சாதாரணம். மாலை நாலு மணிக்குப் போன் வரும்: "சார், வழியில டிராஃபிக்", "வீட்டுல ஒரு துக்கம்". அப்போது நான் யாரைக் கூப்பிடுவேன்? பேசத் தெரிந்தவர், பக்கத்தில் இருப்பவர், எங்கள் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்து பழக்கமானவர். கோடம்பாக்கத்தில் இருக்கும் பெரிய பேச்சாளரால் அந்த நேரத்தில் மூலக்கடையைத் தாண்டி வர முடியாது. கொடுங்கையூரில் இருப்பது உங்களுக்குக் குறை இல்லை, உங்கள் கையில் இருக்கும் மூலதனம். ஆனால் நீங்கள் இருப்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிய வைக்கும் வழி, கூட்டங்களுக்குப் போய் உட்காருவது. கடைசி வரிசையில் உட்கார்ந்து பாதியில் நழுவுவதில் பயன் இல்லை. முடிந்ததும் நாற்காலி அடுக்கக் கை கொடுங்கள், செயலாளரிடம் பேச்சில் பிடித்த ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள், எண்ணைக் கொடுங்கள். இரண்டாவது மூன்றாவது கூட்டத்தில் "நன்றியுரை நான் சொல்லட்டுமா ஐயா?" என்று கேளுங்கள். நன்றியுரைக்கு யாரும் அடித்துக்கொள்வதில்லை. அதில் மூன்று நிமிடம், மைக் உங்கள் கையில், முழுக் கூட்டமும் சாட்சி. பேசியவர்கள் சொன்னதில் ஆளுக்கு ஒரு வரியைச் சரியாகப் பிடித்து நன்றி சொன்னால், மேடையில் இருக்கும் பேச்சாளர்களே உங்கள் பெயரைக் கேட்டுக்கொள்வார்கள். நிகழ்ச்சித் தொகுப்பும் இப்படித்தான் கைக்கு வரும்.

இடங்களைப் பொறுத்தவரை, முதலில் போக வேண்டியது உங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளை நூலகம். பல நூலகங்களில் வாசகர் வட்டம் இருக்கிறது. நவம்பர் 14 முதல் 20 வரை ஒவ்வொரு வருடமும் தேசிய நூலக வார விழா. அந்த வாரம் நூலகர் பேச்சாளருக்கு அலைவார். செப்டம்பரிலேயே போய்ப் பேசி வைத்தால் சுலபம், நவம்பர் பத்தாம் தேதி போனால் நோட்டீஸ் அடித்திருப்பார்கள். இந்தத் தேதிக் கணக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும். தை மாதம் திருவள்ளுவர் நாள், மார்ச் 8 மகளிர் நாள், ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள், மே 1, செப்டம்பர் 11 பாரதி நினைவு நாள், டிசம்பர் 11 அவர் பிறந்தநாள் என்று காலண்டரே ஒரு பட்டியல் கொடுக்கிறது. தேதிக்கு இரண்டு மாதம் முன்பு கேட்பவர்தான் நோட்டீஸில் வருவார். ஏப்ரல் 14-ஐ ஒட்டி நம் பகுதியில் தெருவுக்குத் தெரு கூட்டம் நடக்கும், சரி, ஆனால் அங்கே பேசப் போகிறவர் படித்துவிட்டுப் போக வேண்டும். கேட்கிறவர்கள் அம்பேத்கரைக் கரைத்துக் குடித்தவர்கள்.

அதேபோல வியாசர்பாடி, புளியந்தோப்பு பக்கங்களில் நடக்கும் இரவுப் பாடசாலைகளையும் மாலை நேர டியூஷன் மையங்களையும் விட்டுவிடாதீர்கள். நடத்துபவர்கள் பெரும்பாலும் வேலைக்குப் போய்வந்து பாடம் சொல்லித்தரும் இளைஞர்கள். வெளியிலிருந்து ஒருவர் வந்து பிள்ளைகளிடம் அரை மணி நேரம் பேசினால் சந்தோஷப்படுவார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இருபது நிமிடம் உட்கார வைக்க முடிந்தால் எந்தப் பட்டிமன்றக் கூட்டத்தையும் உட்கார வைக்கலாம். கல்லூரிகளில் நாட்டு நலப்பணித் திட்டம் நல்ல வாசல். ஒவ்வொரு அணியும் ஏழு நாள் சிறப்பு முகாம் நடத்தும். பிற்பகல்தோறும் யாராவது வந்து பேச வேண்டும். திட்ட அலுவலராக இருக்கும் பேராசிரியரைப் பார்த்தால் போதும். வியாசர்பாடி அம்பேத்கர் கலைக்கல்லூரி, பழைய வண்ணாரப்பேட்டை தியாகராயர் கல்லூரி, பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி எல்லாம் உங்களுக்கு ஒரு பஸ் தூரம்தான். ரோட்டரி, லயன்ஸ் சங்கங்களின் கூட்டங்களில் விருந்தினர் பேச்சு என்று ஓர் இடம் உண்டு. அங்கே வியாபாரிகளும் டாக்டர்களும் இருப்பார்கள், இருபது நிமிடம் என்றால் இருபதே நிமிடம், சாப்பாடு காத்திருக்கும்.

இப்போது எதைப் பேசுவது. இதில்தான் உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு ஆச்சரியம். "தன்னம்பிக்கை, தாய்மை, தமிழ் மூன்றிலும் பேசுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தன்னம்பிக்கை பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மணலியில் தொழிற்சாலைப் பாதுகாப்பில் வேலை பார்க்கிற, மேடையில் பேசவும் தெரிந்த ஆள் எத்தனை பேர்? 2023 டிசம்பர் கடைசியில் எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள். எந்தப் பக்கம் ஓடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்ப்பது, வாயு வரும் பாதையிலேயே ஓடாமல் குறுக்காக விலகுவது, ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடுவது, இவற்றை உங்களால் பத்து நிமிடத்தில் சொல்ல முடியும். எர்ணாவூரிலோ திருவொற்றியூரிலோ இதைச் சொன்னால் ஒருவர்கூட நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்.

சமையல் எரிவாயுவை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும், அதனால் மேல் ஜன்னலைத் திறந்தால் மட்டும் போகாது, வாசல் கதவைத் திறக்க வேண்டும். சுவிட்சைப் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடிவிட்டு வெளியே வந்து எரிவாயுக் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்குப் போன் செய்ய வேண்டும். நமக்குத் தெரிகிற அந்த நாற்றம் வாயுவின் நாற்றம் இல்லை, கசிவு தெரிவதற்காகவே கலக்கிற மெர்காப்டனின் நாற்றம். இந்தக் கடைசித் தகவலைச் சொன்னதும் மகளிர் குழுக் கூட்டத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வை விழுந்துவிட்டால் பேச்சு பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். கூடவே, மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு நாள். அந்த வாரம் மணலி, எண்ணூர், அம்பத்தூர் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களிடம் பேச ஆள் தேடுவார்கள். தமிழில், தொழிலாளிக்குப் புரிகிற மாதிரி பேசுகிறவர் கிடைப்பது கஷ்டம் என்று அந்தத் துறை நண்பர்கள் சொல்கிறார்கள். ஒரே எச்சரிக்கை: உங்கள் சொந்தத் தொழிற்சாலையின் கதைகளை வெளியில் சொல்லாதீர்கள், வெளியே பேசப் போவதை மேலதிகாரியிடம் சொல்லி எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். தமிழும் தாய்மையும் பேசக்கூடாது என்பதில்லை. ஒரு விஷயத்துக்காக உங்களைத் தெரிந்துகொண்ட பிறகு மற்றதற்கும் கூப்பிடுவார்கள்.

கேட்கும்போது எப்படிக் கேட்பது? எனக்கு வாட்ஸாப்பில் வருபவை பெரும்பாலும் இரண்டு பக்கச் சுயபுராணம், கூடவே கோட்டு சூட்டுப் படம், பெயருக்கு முன்னால் ஒரு பட்டம். படிப்பதே இல்லை. இப்படி வந்தால் படிப்பேன்: "வணக்கம் ஐயா. கொடுங்கையூரில் இருக்கிறேன், தொழிற்சாலைப் பாதுகாப்புப் பிரிவில் வேலை. போன மாதக் கூட்டத்துக்கு வந்திருந்தேன். சமையல் எரிவாயு கசிந்தால் முதல் இரண்டு நிமிடத்தில் என்ன செய்வது என்று பதினைந்து நிமிடம் பேச முடியும், ஐந்து நிமிடத்திலும் முடிப்பேன். யாராவது கடைசி நேரத்தில் வர முடியாமல் போனாலும் கூப்பிடுங்கள், அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன். நான் பேசிய மூன்று நிமிட வீடியோ கீழே." அவ்வளவு போதும். வீடியோவில் பின்னால் இசை, எழுத்து ஓடுவது எதுவும் வேண்டாம், வெட்டாத மூன்று நிமிடம், ஆள் முகமும் குரலும் தெரிந்தால் சரி. பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதோடு விட்டுவிட்டு அடுத்த கூட்டத்துக்கு நேரில் போங்கள்.

பட்டிமன்றத்துக்கு வழி கொஞ்சம் வேறு. அங்கே நடுவர்தான் அணியைக் கட்டுகிறவர். விழாக்காரர்கள் நடுவரிடம் பேசி முடித்துவிடுவார்கள், மற்றவர்களை அவர் அழைத்து வருவார். ஆகவே விழாக் கமிட்டியைப் பிடிப்பதைவிட உள்ளூர் நடுவர் ஒருவரின் கண்ணில் படுவது நல்லது. புதியவரைப் பெரும்பாலும் ஆரம்பத்திலேயே பேச விடுவார்கள். கூட்டம் இன்னும் சேராத நேரம், சிரிப்பு எளிதில் வராது. அதைத் தாங்கிக்கொண்டு, மனப்பாடத்தை ஒப்பிக்காமல், எதிரணிக்காரர் அந்த மேடையில் சொன்ன ஒன்றை எடுத்து மடக்கத் தெரிந்தால் நடுவருக்குப் பிடித்துப்போகும். டிவியில் பண்டிகைக்குப் பண்டிகை சாலமன் பாப்பையா பட்டிமன்றம் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், அதனால் டிவி வாய்ப்பு எப்போது என்று கேட்கத் தோன்றும். அது எப்படிக் கிடைக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்து ஒரே மாதிரியான வழி எதுவும் இல்லை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்கிறார்கள்.

யூடியூப், ரீல்ஸ் விஷயத்திலும் உறுதியாகச் சொல்ல மாட்டேன். மாதிரி வீடியோவாக அது உதவுகிறது, அதில் சந்தேகமில்லை. அதைப் பார்த்து முன்பின் தெரியாதவர்கள் கூப்பிடுகிறார்களா என்றால், எங்கள் மன்றம் மாதிரி இடங்களில் அரிது. கம்பெனி மேடைகளுக்கு அது நடப்பதாகச் சொல்கிறார்கள்.

சரி, அந்தப் பதினைந்தாயிரம். பேசக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்றால் கற்றுக்கொள்வதில் தப்பில்லை, ஆசிரியர் யார், எத்தனை வகுப்பு, ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் பேசுவார்கள் என்று கேட்டுக்கொண்டு சேருங்கள். "மேடை உத்தரவாதம்" என்ற சொல்லுக்குத்தான் பணம் கொடுக்க வேண்டாம். எங்களிடம் வந்துபோன இளைஞர்கள் சிலர் இப்படிக் கட்டியிருக்கிறார்கள். கிடைத்த மேடை அந்த மையமே வாடகைக்கு எடுத்த ஹால், கேட்க வந்தவர்கள் மற்ற மாணவர்களும் அவரவர் வீட்டாரும், கடைசியில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு விருது, போட்டோவுக்குத் தனிக் கட்டணம். வெளியிலிருந்து ஒரு செயலாளர்கூட வந்து பார்க்கவில்லை என்றால் அது மேடைப் பயிற்சி, மேடை வாய்ப்பு இல்லை. சேருவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "போன வருடம் உங்களிடம் படித்தவர்களை வெளியில் யார் கூப்பிட்டார்கள், அவர்களிடம் நான் பேசலாமா?" பதிலிலேயே தெரிந்துவிடும்.

அதே பயிற்சி குறைந்த செலவில் வேண்டுமென்றால் டோஸ்ட்மாஸ்டர்ஸ் கிளப் ஒன்றுக்கு விருந்தினராகப் போய்ப் பாருங்கள். 1924-ல் கலிபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய இயக்கம், சென்னையில் பல கிளப்கள் இருக்கின்றன, தமிழில் நடப்பவையும் உண்டு. முதல் பேச்சே நாலிலிருந்து ஆறு நிமிடம்தான். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று அடையாளம் காட்டி நேரத்தை உடம்பில் ஏற்றிவிடுவார்கள். ஒவ்வொரு "ஆ", "ம்"மையும் எண்ணி எழுதித் தருவார்கள். ஒரே குறை, எல்லோரும் உறுப்பினர்கள், எல்லாப் பேச்சுக்கும் கைதட்டல் உண்டு. தெருவில் அப்படி இல்லை. உங்களுக்குத் தம்பி தங்கைகள் படித்துக்கொண்டிருந்தால் தமிழ் வளர்ச்சித் துறை தலைவர்களின் பிறந்தநாளை ஒட்டி மாணவர்களுக்கு நடத்தும் பேச்சுப்போட்டிகளுக்கும், கம்பன் கழகங்களின் போட்டிகளுக்கும் அனுப்புங்கள். உங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது.

பணம் பற்றி. நூலகம், இரவுப் பாடசாலை, அரசுப்பள்ளி, தெருவிழா இவற்றில் ஆரம்பத்தில் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சால்வை, ஒரு புத்தகம், சில இடங்களில் ஒரு கவர். கவரை அங்கேயே பிரிக்கக்கூடாது என்பது சொல்லாமலே தெரிந்திருக்கும். வெகுதூரம் போக வேண்டியிருந்தால் போக்குவரத்துச் செலவை மட்டும் முன்கூட்டியே, தயங்காமல், ஒரு வாக்கியத்தில் கேளுங்கள். பேசி முடித்த பிறகு கேட்டால்தான் மனஸ்தாபம். தனியார் கம்பெனிக்கு மட்டும் முதல்முறையே சும்மா போகாதீர்கள். அவர்களுக்கு அதற்கென்று பட்ஜெட் இருக்கும், இலவசமாக வந்தவரை அடுத்த முறை பணம் கொடுத்துக் கூப்பிட மாட்டார்கள் என்று அங்கே போகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பான் எண், வங்கி விவரம் கேட்பார்கள், ஒரு ரசீதும் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு கேட்பது என்பதை அதே மாதிரிப் பேசும் இரண்டு பேரிடம் விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. பேசுகிற ஒவ்வொரு இடத்தையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்: தேதி, இடம், தலைப்பு, கொடுத்த நேரம், பேசிய நேரம், சொன்ன சம்பவங்கள், கூப்பிட்டவர் எண். முடிந்த மறுநாள் அவருக்கு ஒரு நன்றிச் செய்தி அனுப்பும்போது, "இந்தப் பேச்சு வேறு யாருக்காவது பயன்படும் என்று தோன்றினால் என் எண்ணைக் கொடுங்கள்" என்று ஒரு வரி சேருங்கள். என் அனுபவத்தில் இரண்டாவது மேடை பெரும்பாலும் இப்படித்தான் வந்தது. சம்பவங்களை எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரம்பூரில் கேட்ட அதே ஜனங்கள்தான் வியாசர்பாடிக்கும் எருக்கஞ்சேரிக்கும் வருவார்கள். முன்வரிசையில் ஒரு அம்மா இருப்பார், நீங்கள் சம்பவத்தை ஆரம்பித்ததுமே பக்கத்தில் இருப்பவரிடம் முடிவைச் சொல்லிவிடுவார், அதுவும் உங்களுக்குக் கேட்கிற மாதிரி.